இன்றைய தேதியில் இருபத்திரண்டு அங்குலம்

மேசா, அரிசோனா
மார்ச் 16

நெல்ஸ்,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் நேற்றும் இன்றும் பதினோரு முறை அடித்தேன். உன் தூண்டில் கடையின் போனும் செத்துக் கிடக்கிறது. அதனால் எக்ஸ்பிரஸ் தபாலில் இதை அனுப்புகிறேன். படிக்காமல் குப்பையில் போட்டாயானால் அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்வேன்.

நேற்றுக் காலையில் டோர்வாலிலிருந்து பக்கத்து வீட்டு ஃபில்லிஸ் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். வியாழக்கிழமை ஹேக்பெரி ஏரியில் ஒரு பிக்கப் வண்டி பனி உடைந்து உள்ளே போய்விட்டதாம். புருஷன் போய்விட்டானாம். பெண்டாட்டியை நீதான் இழுத்துக் கரை சேர்த்தாயாம். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. குளிருக்குத் தப்பி வந்து இங்கே எல்லாரும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஷஃபிள்போர்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கட்டிலில் உட்கார்ந்து நம் வெப்சைட்டைத் திறந்தேன்.

உன் அண்ணன் கோர்டன் உனக்காகச் செய்துவைத்த பக்கம் அது. நீ காலையில் பனியைத் துளைத்து அளந்து ஒரு மெயில் அனுப்பினால் போதும், அந்த எண் தானாகப் பக்கத்தில் ஏறிவிடும். அதை நம்பித்தானே மூன்று மாவட்டத்து மீன்பிடிக்காரர்களும் வண்டியை உறைந்த ஏரியின் மேல் இறக்குகிறார்கள்? அதில் என்ன இருந்தது தெரியுமா? "இன்று, மார்ச் 15. பனியின் கனம் 22 அங்குலம். பிக்கப் வண்டிகள் போகலாம். அளந்தவர்: நெல்ஸ் ஒடெகார்ட்."

இன்று காலை மறுபடி பார்த்தேன். "இன்று, மார்ச் 16. 22 அங்குலம்." ஒரு மனிதன் செத்து இரண்டு நாள் ஆகிறது, நெல்ஸ். பிப்ரவரிக் கடைசியில் ஒரு வாரம் மழை பெய்ததாக ஃபில்லிஸ் சொல்கிறாள். இருபத்திரண்டு அங்குலம் எங்கிருந்து வந்தது?

நவம்பரில் தாங்ஸ்கிவிங் சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால் நான் உன்னைக் கேட்டேன். கூட்டம் குறையாமல் இருக்க இரண்டு அங்குலம் கூட்டிப் போடுகிறாயோ என்று கேட்டேன். நீ கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனவன்தான். எல்லார் முன்னாலும் கேட்டது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். கேட்ட விஷயம் தப்பென்று இப்போதும் சொல்வாயா?

வெர்னா


டோர்வால், மின்னசோட்டா
மார்ச் 19

திருமதி ஒடெகார்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இருபத்தாறு வருஷம் அண்ணி என்று கூப்பிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அது எனக்கு வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் 7-ஆம் தேதி காலை ஏரியின் குறுகலில் ஒன்பது அங்குலம். அதுவும் உளுத்த பனி. துளைக்கும்போதே கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அன்றே மெயில் அனுப்பினேன்: "9 அங்குலம், பாதை மூடப்பட்டது, நடந்துகூட வராதீர்கள்." என் கடைப் பக்கத்து இறங்குதுறைக்குச் சங்கிலி போட்டேன். பனி மேல் வைத்திருந்த மீன்பிடிக் குடில்களை எல்லாம் கரைக்கு இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் தினம் அளந்து தினம் அனுப்பினேன். ஒரு மெயிலும் திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் கிழக்குப் பக்கத்து அரசாங்க இறங்குதுறை வழியாக இறங்கினார்கள். அங்கே சங்கிலி கிடையாது. காலை ஏழு மணிக்கு நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டுப் படகையும் கயிற்றையும் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் தெரியவில்லை. டுவேன் ஸ்டாட்லர். செயின்ட் க்ளௌடில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். நாற்பத்துமூன்று வயது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் பெயர் காரின். நான் யாரென்று நர்ஸ் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்கதானே நெல்ஸ்? அப்புறம் ஏங்க அப்படிப் போட்டீங்க? நாங்க அதைப் பாத்துட்டுத்தானே வந்தோம்."

அவள் போனை எனக்குக் காட்டினார்கள். நீங்கள் பார்த்ததேதான். அடியில் என் பெயர். நான் அப்படியே நின்றேன். எனக்குப் பேச்சு வரவில்லை.

டெபுடி ஷெரிஃப் க்ளிண்ட் என்னை வெளியே கூட்டிப்போய், "நெல்ஸ், உள்ளதைச் சொல்லு. கடைக்கு ஆள் வரணும்னு ஏத்திப் போட்டியா?" என்றான். அவனுக்குத் தூண்டில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது என் போனும் கம்ப்யூட்டரும் அவனிடம் இருக்கின்றன. சோதித்துத் தர மூன்று வாரமாம். கடைப் போனில் வருகிறவன் எல்லாம் கொலைகாரா என்கிறான், அதனால் வயரைப் பிடுங்கிவிட்டேன். பெட்ரோல் போடப் போனால் ஆட்கள் விலகி நிற்கிறார்கள்.

நவம்பருக்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. என் வேலை அளப்பது, அனுப்புவது. பக்கத்துக்குள் போய் எழுத முடிகிறவர் ஒரே ஒருவர்தான். அந்தப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். என்னைப் பொய்யன் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமென்றால் வேறு வழியா கிடைக்கவில்லை?

நெல்ஸ் ஒடெகார்ட்


மேசா
மார்ச் 22

நெல்ஸ்,

உன் மேல் கோபம்கூட இப்போது இல்லை. பயமாக இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் முதலில் கிழக்குத் துறைக்கு ஓடு, பிறகு என்னைத் திட்டு.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நானா மாற்றினேன்? இருக்கட்டும், அந்த எண்ணை முதலில் அழித்துவிடுவோம் என்று பாஸ்வேர்டு போட்டேன். ஏற்கவில்லை. நாலு முறை போட்டும் ஏற்கவில்லை. உடனே வெப்சைட்டை நடத்தித்தரும் ஹோஸ்டிங் கம்பெனியைக் கூப்பிட்டேன். போன வருஷம் அதை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். ஐம்பது நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள்.

"மேடம், உங்க பேர்ல எந்த டொமைனும் இல்லியே."

"பன்னெண்டு வருஷமா என் புருஷன் பேர்ல இருக்கும்மா. கோர்டன் ஒடெகார்ட்."

"அப்ப அவரையே பேசச் சொல்லுங்க மேடம்."

"அவர் செத்து மூணு வருஷம் ஆச்சு."

"சாரி மேடம். அப்ப அவரோட மெயில்ல இருந்து எங்களுக்கு ஒரு ரிக்வெஸ்ட் மட்டும் அனுப்பிடச் சொல்லுங்க."

நான் கத்தின கத்தலில் அடுத்த டிரெய்லர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு அவளுக்கு மேலே ஒருவன், அவனுக்கு மேலே ஒருவன். கடைசி ஆள் ஒருவழியாக உண்மையைச் சொன்னான். டொமைனை, அதாவது நம் வெப்சைட்டின் பெயரை, புதுப்பிக்க வேண்டிய நாள் ஜனவரி 24. புதுப்பிக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிப்ரவரி 27-ஆம் தேதி அந்தப் பெயரை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். வாங்கினது யாரென்று சொல்ல மாட்டார்களாம், அது வாடிக்கையாளரின் அந்தரங்கமாம். அப்படியானால் நான் யார் என்று கேட்டேன். "நீங்க இப்ப எங்க கஸ்டமர் இல்ல மேடம்" என்றான். வைத்த கையோடு, பேசியது திருப்தியா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு ஒரு செய்தி வந்தது.

அப்படியானால் நாம் பார்க்கும் பக்கம் எது? இங்கே லைப்ரரியில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் பெண்மணி பார்த்துச் சொன்னாள். நம் பக்கத்துக்கு நிறையப் பேர் வருகிறார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்துக்காகவே பெயரை வாங்கியிருக்கிறார்கள். வருகிறவனுக்குச் சந்தேகம் வரக்கூடாதே. அதற்காக எங்கேயோ சேமித்துக் கிடந்த நம் பழைய பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டி, அடியில் பொடி எழுத்தில் சூதாட்ட விளம்பரங்களைச் சொருகியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது ஜனவரியில் ஒரு நாளைய பிரதி. அன்று நிஜமாகவே இருபத்திரண்டு அங்குலம் இருந்திருக்கும்.

தேதி எப்படி இன்றைய தேதியாக இருக்கிறது என்று கேட்பாய். நானும் கேட்டேன். அது கோர்டன் செய்தது. நீ ஒரு நாள்கூடத் தவறாமல் எண் அனுப்புகிறவன் ஆயிற்றே, தேதியை வேறு ஏன் தம்பி அடிக்க வேண்டும் என்று, பார்க்கிறவனின் கடிகாரத்திலிருந்து அன்றைய தேதியை எடுத்துத் தானே மேலே போட்டுக்கொள்ளும்படி வைத்துவிட்டார். எண் நின்றுவிட்டது, தேதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் மெயில்கள் எல்லாம் பெயரை வாங்கினவனிடம் போய் விழுந்திருக்கின்றன. அதனால்தான் ஒன்றும் திரும்பி வரவில்லை.

நெல்ஸ், அந்தப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாளை சனிக்கிழமை. அழிக்க எனக்கு வழியில்லை. ரேடியோவுக்கும் ஷெரிஃபுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், ஒரு வெப்சைட்டைத் தங்களால் மூட முடியாது, மாவட்ட வக்கீலிடம் கேட்க வேண்டும் என்கிறார்கள். நாலு துறையிலும் பலகை அடி. ஆள் நிற்க வை.

உன்னிடம் கேட்ட கேள்விக்கு நான் வெட்கப்படுகிறேன்.

வெர்னா


டோர்வால்
மார்ச் 25

அண்ணி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை நண்பன் எர்லிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். நான் படித்தது சரிதானா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஷெரிஃப் ஆபீசுக்கு உங்கள் போன் வந்ததும் சனிக்கிழமை விடியும்போதே நாலு துறையிலும் பலகை அடித்தாயிற்று. க்ளிண்டே வந்து சுத்தியல் பிடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் வந்தான். கிழக்குத் துறையில் நான் நின்றேன். எட்டு மணிக்குள் மூன்று வண்டி. மூன்றாவது வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணே, நெட்ல இருபத்திரண்டுன்னு போட்டிருக்கே?"

"அது பொய்ப்பா. ஒன்பதுகூட இல்ல இப்ப."

"இன்னிக்கு தேதி போட்டிருக்காங்களே. நெல்ஸ் ஒடெகார்ட்னு ஒருத்தர் அளந்திருக்காரு, அவர் தப்பா போட மாட்டாருன்னு எங்க மாமா சொல்வாரு."

"நாந்தாய்யா அந்த நெல்ஸ்!"

அவன் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். போனைத்தான் நம்பினான். பத்தடி தள்ளி மஞ்சள் நாடா கட்டியிருக்கும் கரிய தண்ணீரைக் கையால் காட்டிய பிறகுதான் வண்டியைத் திருப்பினான். பின்சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தவறாதது இந்த வருஷம் எப்படித் தவறியது? ஒரு நோட்டீஸ்கூடவா அனுப்பாமல் விற்பார்கள்? மெயில் வரவில்லை என்றால் ஒரு காகிதம்கூடவா வரவில்லை?

உங்கள் மேல் சந்தேகப்பட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதில் வேறொன்றும் எழுத நினைத்தேன், கை வரவில்லை.

நெல்ஸ்


மேசா
மார்ச் 28

நெல்ஸ்,

நேற்று மத்தியானம் பக்கம் போய்விட்டது. மாவட்ட வக்கீல் எங்கேயோ எழுதி, எவனோ ஒருவன் அணைத்துவிட்டான். இப்போது திறந்தால் வெறும் வெள்ளைதான் தெரிகிறது. அதையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகிதம் வந்தது.

நீ கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். தெரியவில்லை. நோட்டீஸ் மெயில்கள் கோர்டனின் மெயிலுக்குப் போயிருக்கின்றன, அதை நான் அவர் இறந்த வருஷமே மூடிவிட்டேன். தானாகப் பணம் கட்டிக்கொண்டிருந்த கார்டைப் புதுக் கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஜனவரி முதல் வாரம் ஒரு கடிதம் போட்டிருக்கிறார்கள், நம் டோர்வால் வீட்டுக்கு. குளிர்காலம் முழுக்க அந்தத் தபால் பெட்டியைத் திறப்பவள் ஃபில்லிஸ். மற்றதை எல்லாம் எனக்குத் திருப்பி அனுப்புவாள், இதை மட்டும் போனில் கேட்டாள்.

"வெர்னா, உன் டொமைன் என்னமோ முடியப் போவுதாம், ஒரு கடுதாசி வந்திருக்கு. அனுப்பட்டுமா?"

"அதெல்லாம் திருட்டுப் பசங்க வேலை ஃபில்லிஸ். அடுப்புல போடு."

நான் சொன்னேன். அப்படியே, இந்த வார்த்தைகளில். உனக்கே தெரியும், வருஷா வருஷம் டொமைன் முடிகிறது, உடனே பணம் கட்டு என்று கண்ட கண்ட கம்பெனியிலிருந்தும் காகிதம் வரும். காகிதத்தில் வந்தாலே மோசடிதான், பிரிக்காமல் எரித்துவிடு என்று கோர்டன் சொல்லிச் சொல்லி எனக்கு அது பாடமாகிவிட்டது. ஃபில்லிஸ் பிரித்துப் படிக்கவா என்றுகூடக் கேட்டாள். எனக்கு அன்று பிங்கோ ஆட நேரமாகிவிட்டது.

ஒரு நிமிஷ வேலை, நெல்ஸ். அந்த மனிதன் இன்று பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான்.

எல்லாவற்றையும் எழுதி ஷெரிஃபுக்கு அனுப்பிவிட்டேன். நீ தினமும் சரியாக அளந்து அனுப்பினாய், ஏழாம் தேதியே மூடினாய், தவறு முழுக்க என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நகல் சர்ச்சுக்கும் உள்ளூர்ப் பத்திரிகைக்கும் போயிருக்கிறது. நவம்பரில் பத்துப் பேர் முன்னால் உன் பெயரைக் கெடுத்தேன், அதை ஊர் முழுக்கத் திருப்பித் தர வேண்டாமா?

தூக்கம் இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால்கூட உடம்பு தூக்கிப்போடுகிறது.

வெர்னா


டோர்வால்
ஏப்ரல் 2

அண்ணி,

பத்திரிகையில் வந்துவிட்டது. க்ளிண்ட் போனைத் திருப்பிக் கொடுத்து, என் கையைப் பிடித்துக் கண் கலங்கினான். பெட்ரோல் பங்கில் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். ஊரார் சமைத்துக் கொண்டுவந்த ஹாட்டிஷ் மட்டும் பதினோரு தட்டு வந்திருக்கிறது, உருளைக்கிழங்கு போட்டது, காளான் போட்டது, எல்லாம். ஃப்ரிட்ஜில் இடமில்லை. ஒன்றையும் நான் திறக்கவில்லை.

போன் கையில் இருக்கிறது. ஆனாலும் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் இதைச் சொல்ல முடியாது, எழுதினால்தான் முடியும்.

நவம்பருக்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். பார்த்தேன். ஒரே ஒரு முறை. மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே நானாகப் பாதையை மூடியிருக்கிறேன். யார் இரண்டு அங்குலம் கூட்டிப் போடுகிறவன்? ஒன்பது என்ற எண் என் பெயரோடு அங்கே நிற்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது. நீங்களும் எங்கோ உட்கார்ந்து அதைப் பார்த்து வாயடைத்துப் போவீர்கள் என்று நினைத்துக்கொண்டு திறந்தேன்.

இருபத்திரண்டு என்றிருந்தது. அன்றைய தேதி. என் பெயர்.

டொமைன், ஏலம், அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நீங்கள் உள்ளே போய் மாற்றிவிட்டீர்கள் என்றுதான் தோன்றியது. என்னைப் பொய்யனாக்க நீங்களே செய்த வேலை என்று நிச்சயமாக நம்பினேன். உடம்பெல்லாம் எரிந்தது. போனை எடுத்தேன். உங்கள் பெயர் வரைக்கும் போனேன். அப்புறம் கீழே வைத்துவிட்டேன். அவளே எழுதினாள், அவளே பதில் சொல்லிக்கொள்ளட்டும், என் துறைக்கு நான் சங்கிலி போட்டாயிற்று என்று நினைத்தேன். நினைத்துவிட்டுச் சூப்பைச் சுடவைத்துக் குடித்தேன்.

உங்களிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் க்ளிண்டிடம் சொல்லியிருக்கலாம். கிழக்குத் துறையில் ஒரு பலகை அடித்திருக்கலாம், அரைமணி வேலை. எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல ஆசை. தோன்றியது. செய்தால் உங்கள் பக்கத்தை நான் போய்ச் சரிசெய்த மாதிரி ஆகிவிடும் என்று விட்டேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வந்தது வியாழக்கிழமை.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டபோது நான் வாயடைத்து நின்றது ஒன்றும் தெரியாமல் இல்லை. உங்களுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அண்ணி. நாலு நாளாகத் தெரிந்திருந்தது.

நெல்ஸ்


மேசா
ஏப்ரல் 7

நெல்ஸ்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. முதலில் உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. பிறகு அடுப்பில் போடு என்று நான் சொன்ன குரல் காதில் கேட்டது, கை இறங்கிவிட்டது. பரவாயில்லை என்று உனக்கு நானும் எனக்கு நீயும் சொல்லிக்கொள்ள முடியாது. அதைச் சொல்ல ஒருத்திக்குத்தான் உரிமை இருக்கிறது, அவளும் சொல்லியாக வேண்டும் என்று இல்லை.

காரின் ஸ்டாட்லர் ஷெரிஃப் ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள், க்ளிண்ட் எனக்குப் போன் செய்து சொன்னான். வேறொன்றும் வேண்டாம், அந்த எண் தப்பு என்று யாருக்காவது முன்னாலேயே தெரியுமா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாளாம். யாருக்கும் தெரியாது அம்மா, எல்லாம் கம்ப்யூட்டர் செய்த வேலை என்று பதில் அனுப்பிவிட்டார்களாம். அவன் அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னான்.

நான் வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு மினியாபொலிஸ் வந்து இறங்குகிறேன். வாடகை வண்டி எடுத்துக்கொள்வேன். நீ செயின்ட் க்ளௌடுக்குப் பேருந்தில் வா, உன் பிக்கப்பில் வராதே, திரும்பிப் போகிற வண்டி கையில் இருந்தால் நீ திரும்பிப் போய்விடுவாய். அவள் வீட்டு விலாசம் என்னிடம் இருக்கிறது. வருகிறோம் என்று நானே எழுதிப் போட்டிருக்கிறேன்.

கதவை நீ தட்டு. நீதான் முதலில் பேச வேண்டும், அவள் கேட்டது உன்னை. நான் பின்னாலேயே நிற்கிறேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றே சொல்லிவிட்டு வருவோம்.

அண்ணி